மேற்குச் சுவரில் சிமெண்டு

ஷார்ஜா
26.10.2007, வெள்ளி

அன்புள்ள ஷாஜினிக்கு,

கிளிட்டஸ் எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே நான் சுகம். நீயும் பிள்ளை அபிஷாவும் மாமியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிள்ளைக்குக் காதுவலி விட்டதா? மாமியின் முழங்காலுக்குக் கொடுத்தனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா? போனில் கேட்டால் நீ "ம்" என்கிறாய். அந்த "ம்" எதற்கு என்று எனக்குப் புரிவதற்குள் கார்டு தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இதில் நான் முழுதாகப் பேசி முடிக்கலாம். நடுவில் நீ அடுப்பைப் பார்க்கப் போக முடியாது.

எங்கள் முதலாளி அர்பாப் சயீத்தை உனக்கு நினைவிருக்கும். நீ ஊருக்குப் புறப்பட்ட அன்று விமான நிலையத்துக்குத் தன் காரை அனுப்பியவர். ரோலா மைதானத்துக்குப் பின்னால் அவருக்கு ஒரு பழைய வீடு உண்டு. நம் முட்டத்துக் கடலில் பாறை கிடக்கிற மாதிரி இங்கே கடலில் கிடக்கிற பவளப்பாறைகளை வெட்டி அடுக்கி, ஜிப்சம் சாந்து பூசிக் கட்டிய மாடி வீடு. நடுவில் முற்றம், மேலே காற்றுக் கோபுரம். பல வருஷமாகச் சும்மா கிடந்தது. அதை இடித்துவிட்டு பிளாட் கட்டத்தான் அவருக்கு ஆசை.

அப்போதுதான் அரசாங்கத்தின் சலுகை ஒன்று வந்தது. இங்கே நம்மூர் மாதிரி வீட்டு வரி கிடையாது. ஆனால் கட்டடம் கட்டினால், கடை திறந்தால், எதற்கும் ஒரு கட்டணம் உண்டு. பழைய வீட்டை இடிக்காமல், பழைய பொருளைக் கொண்டே சீர்செய்து காட்டினால், அவர் வேறு இடத்தில் கட்டுகிற புதுக் கட்டடத்துக்குச் சில வருஷத்துக்குக் கட்டணமெல்லாம் தள்ளுபடி. அர்பாப் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிளாட்டை மறந்துவிட்டு எங்கள் எல்லாரையும் அந்த வீட்டு வேலைக்கு அனுப்பினார்.

எனக்குக் கிடைத்த வேலையைக் கேட்டால் நீ சிரிப்பாய். ஏசி மெக்கானிக் ஆகிய நான், சுவரில் இருந்த ஏசிப் பெட்டிகளை எல்லாம் கழற்ற வேண்டும்! வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெட்டிகூடத் தெரியக் கூடாது என்பது சட்டம். பையன்கள் என்னை "உல்டா மெக்கானிக்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். காற்றுக் கோபுரத்தை யாரோ பலகை வைத்து அடைத்திருந்தார்கள். அதைப் பிரித்தபோது என் தலையில் விழுந்த புறா எச்சத்தை வைத்து ஒரு தோட்டம் போடலாம். ஆனால் ஷாஜினி, பிரித்துவிட்டுக் கீழே வந்து நின்றேன் பார், கடற்காற்று அப்படியே தலையில் இறங்கியது. கொஞ்ச நேரம் அங்கேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டேன்.

வேலை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சலுகை கொடுக்கிற அலுவலகத்திலிருந்து ரீம் என்று ஒரு ஜோர்டான் பெண் வந்து பார்ப்பாள். சின்ன உருவம், அதட்டாத குரல். ஆனால் அவள் கார் வந்து நின்றால் அர்பாபே சிகரெட்டைக் கீழே போட்டுவிடுவார். பெருநாளுக்கு முந்தின வாரம் வந்தவள், மேற்குச் சுவர் பக்கம் போய்க் கார்ச் சாவியால் மெல்லச் சுரண்டினாள். வெள்ளைப் பூச்சுக்கு அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது. சிமெண்டு.

பூசியவர் எங்கள் போர்மேன் முனியசாமி அண்ணன். பரமக்குடிக்காரர். உப்புக் காற்றில் அந்தச் சுவர் எத்தனை பூசினாலும் உதிர்ந்துகொண்டே இருந்தது. பெருநாளுக்குள் முடிக்க வேண்டும் என்று அர்பாப் தினமும் போனில் கத்தல். அண்ணன் யாருக்கும் சொல்லாமல் சிமெண்டைப் பூசி மேலே ஜிப்சத்தைத் தடவிவிட்டார். சிமெண்டு ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக் கல்லைத் தின்றுவிடும் என்று ரீம் விளக்கினாள். மாதக் கடைசிக்குள் முழுதும் எடுத்துத் திரும்பப் பூசினால் பார்ப்பேன், இல்லாவிட்டால் சலுகை இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அர்பாபின் முகம் சிவந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "கலாஸ்! முடிஞ்சுது! நாளைக்கே இடி. கார் நிறுத்த இடம் போடறேன். இவன் விசாவையும் கேன்சல் பண்ணு" என்று ஹிந்தியில் கத்தினார். முனியசாமி அண்ணன் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. "பெருநாளைக்குள்ள முடிச்சிரலாம்னுதேன் பூசுனேன் தம்பி. கெடுக்கணும்னா பூசுனேன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மூத்த மகள் கல்யாணத்தைத் தை மாதத்துக்கு வைத்திருக்கிறார்.

ஜிப்சம் பூசுகிற லுக்மான் என்ற பெஷாவர்க்காரர்தான் முதலில் அர்பாப் முன்னால் போய் நின்றார். முனியசாமி போனால் நானும் போகிறேன், இரண்டு டிக்கெட்டாக எடுத்துவிடு என்றார். அவர் பேசியதும் எனக்கும் தைரியம் வந்தது. பெருநாள் லீவை எங்களுக்குக் கொடுங்கள், சுவரை நாங்கள் சரிசெய்கிறோம், அதற்குப் பிறகு இடிப்பதானால் இடியுங்கள் என்றேன். அர்பாப் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "லீவ்ல வேலை செய்யறேன்னு கேக்கற பைத்தியங்களை இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

மெஷின் வைத்தால் கல் உடைந்துவிடும். ஆகவே உளியும் சுத்தியலும்தான். லுக்மான் பெருநாள் தொழுகையை முடித்துவிட்டுப் புதுச் சட்டையோடு நேரே வந்தார். சிமெண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்திக் கொத்தி எடுத்தோம். கை எல்லாம் கொப்புளம். முனியசாமி அண்ணன் நிறுத்தாமல் கொத்திக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அர்பாப் பிரியாணித் தட்டோடு வந்தார். நாங்கள் பாதிச் சுவரை உரித்து, ஒரு மூலையில் ஜிப்சம் பூசவும் தொடங்கியிருந்தோம். வெறும் பாறையாக நின்ற சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று சிரித்தார். அந்தச் சுவரில் இருக்கிற ஜன்னலைக் காட்டி, "பரீட்சையில பெயிலாகி வந்தப்ப எங்கப்பா பெல்ட்டோட துரத்தினார். அது வழியா குதிச்சுத்தான் ஓடினேன். கால் உடைஞ்சுது, அடி மட்டும் விழல" என்றார். சொல்லிவிட்டுத் தலைக்கட்டைக் கழற்றி வைத்தார், அங்கியைத் தூக்கிச் செருகினார், சாந்து வாளியை எடுத்துவிட்டார்! லுக்மான், "அர்பாப், ஜல்தி ஜல்தி, சாந்து இறுகிடும்" என்று விரட்ட, கோடீஸ்வரர் ஓடி ஓடிச் சுமந்தார். அந்த வெள்ளை அங்கி இனி எந்த லாண்டரியிலும் தேறாது.

போன புதன்கிழமை ரீம் வந்தாள். மேலே, கீழே, மூலையில் என்று ஒவ்வொரு இடமாகச் சுரண்டினாள். தட்டிவிட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றோம். கடைசியில் முனியசாமி அண்ணன் பக்கம் திரும்பி, "மாஃபி சிமெண்ட்" என்று சொல்லிச் சிரித்தாள். சிமெண்டு இல்லை என்ற அந்த வார்த்தைக்கு அண்ணன் அழுத அழுகை! அர்பாப் அவரைக் கட்டிப்பிடித்து, மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் லீவு என்றார். சலுகை கிடைத்துவிட்டது. வீடும் இடிபடாமல் நின்றுவிட்டது.

இனி நமக்கான சேதி. வீட்டை எப்போதும் யாராவது குடியிருந்து பார்த்துக்கொண்டால்தான் சலுகை நீடிக்கும். கீழே கைவினைப் பொருள் கடை வரப்போகிறது. மாடியில் ஓர் அறை, சின்ன அடுக்களை, குளியலறை. பேச்சிலர்களை வைத்தால் புகை படிய வைத்துவிடுவார்கள், குடும்பம்தான் வேண்டும் என்று அர்பாப் நினைக்கிறார். "உனக்குக் குடும்பம் இருக்குல்ல?" என்று என்னிடம் கேட்டார். இருக்கிறது என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உன்னைக் கேட்காமல் சொன்னது உறைத்தது.

ஷாஜினி, மூன்று குடும்பம் இருந்த அந்த பிளாட்டில், திரைத் துணிக்கு இந்தப் பக்கம் நீ எப்படி இருந்தாய் என்று எனக்குத் தெரியும். பிள்ளை அழுதால் அவள் வாயைப் பொத்துவாய். நீயும் சத்தமில்லாமல்தான் அழுதாய். கடைசியில் பெட்டியைக் கட்டினாய். நான் அதைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன், அவ்வளவுதான். இந்த மாடி அறைக்குத் தேக்குக் கதவு. உள்ளே தாழ் போடலாம். அபிஷா எவ்வளவு கத்தினாலும் புறாக்களுக்கு மட்டும்தான் கேட்கும்.

வா என்று நான் எழுதவில்லை. அர்பாபிடம் கிறிஸ்துமஸ் வரைக்கும் தவணை வாங்கியிருக்கிறேன். நீ நிதானமாக யோசி, மாமியிடமும் கலந்து பேசு. அடுத்த போனில் "ம்" என்று மட்டும் சொன்னாலும் போதும், இந்தத் தடவை எனக்குப் புரிந்துவிடும்.

மாதா உங்களைக் காப்பாளாக. இன்று ராத்திரி பிள்ளை தூங்கும்போது அவள் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை வரைந்துவிடு. உன் நெற்றியில் நானே வரைய வேண்டும்.

என்றும் உன்,
கிளிட்டஸ்