பெம்பாவுக்கு இரண்டாவது பாட்டில்

2013 செப்டம்பர் 24, செவ்வாய்

பெம்பா காலையிலிருந்து காதைப் பிடித்து இழுத்து அழுகிறாள். சளி வேறு. ஏழு மாதம் ஆகியும் பெயரில்லை, வெறும் பெம்பாதான், பாப்பா என்பதுபோல. ஞானஸ்நானம் வரை கிரீஸில் எல்லாப் பிள்ளையும் அப்படித்தானே. அக்டோபர் பதின்மூன்றாம் தேதி சடங்கு. மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, சர்க்கரை பூசிய பாதாமுக்குச் சொல்லியாயிற்று. பெயர்தான் முடிவாகவில்லை. அத்தைக்குத் தன் பெயரையே வைக்க வேண்டும், எவான்தியா. எனக்கு ஐரிஸ். என் புருஷன் லெஃப்தெரிஸ் வழக்கம்போல மதில்மேல் பூனை. இந்த அமளியில் சளிக்கு இப்போதுதானா நேரம் கிடைத்தது?

செப்டம்பர் 25

குழந்தை டாக்டர் வெள்ளிக்கிழமைதான் பார்ப்பாராம். அதுவரை நான் எங்கே பொறுப்பது? அரியாத்னியின் மருந்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்துத் தோழி. எங்கள் கல்யாணத்தில் மணத்தோழியாக நின்று எங்கள் தலையில் கிரீடம் மாற்றி வைத்தவள், பதின்மூன்றாம் தேதி பெம்பாவுக்கு ஞானத்தாய் ஆகப் போகிறவள். ஆன்டிபயாடிக் கொடுக்க டாக்டர் சீட்டு வேண்டும் என்பது சட்டம்தான். தோழி கடையில் யார் சீட்டு நீட்டுவார்கள்? வெள்ளி வரை பார்க்கலாமே என்று இழுத்தாள். சடங்கன்று பிள்ளை பாதிரியார் முகத்தில் இருமவா என்று கேட்டேன். சிரித்துவிட்டு ரோஸ் நிற மருந்தை எடுத்துக் கொடுத்தாள்.

செப்டம்பர் 29

காது சரியாயிற்று, வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகவில்லை. வயிறு கெட்டது.

அக்டோபர் 2

நிற்கவில்லை. தண்ணீராகப் போகிறது, பச்சையாக, நாற்றம் தாங்கவில்லை. பல் முளைக்கிறது என்கிறாள் அத்தை போனில். கவாலாவில் எந்தப் பிள்ளைக்கு என்ன வந்தாலும் பல்தான் காரணம்.

மாலை கடை அடைத்ததும் அரியாத்னி வந்தாள். கிருமி வயிற்றுக்குள் இறங்கியிருக்கும், இது கொஞ்சம் வீரியமானது என்று இன்னொரு பாட்டில் வைத்தாள். பெம்பாவின் உள்ளங்காலில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். இவள் இல்லையென்றால் நான் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 5

டயப்பரில் ரத்தம். கோடு கோடாக, சளியோடு.

ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி ஏற்றினார்கள். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. டாக்டர் மாவ்ரீது என்று ஒரு அம்மாள், அவசரமில்லாமல் பேசுகிறவர். சமீபத்தில் ஏதாவது ஆன்டிபயாடிக் கொடுத்தீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

ஏன் சொன்னேன்? வாய் முந்திக்கொண்டது. சீட்டில்லாமல், கைக்குழந்தைக்கு, இரண்டு பாட்டில் — தெரிந்தால் அரியாத்னியின் கடைக்குப் பூட்டு விழும். நாளைக்குப் பிள்ளை சரியாகிவிடும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். லெஃப்தெரிஸ் பக்கத்தில்தான் நின்றான். என்னைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான்.

அக்டோபர் 6

உணவிலிருந்து வந்த கிருமியாக இருக்கலாம் என்று நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றுகிறார்கள். சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. மூன்றாவது மருந்து இது. எனக்கு மட்டும் தெரியும், டாக்டருக்குத் தெரியாது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே இருக்கிறேன். நர்ஸ் இரண்டு முறை உட்காரச் சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 7

வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. கண் குழிந்துவிட்டது. டாக்டர் மறுபடி வந்து அதையே கேட்டார், அதே குரலில். நான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், கொடுத்தது யார் என்பது உட்பட.

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்: "குடல்ல நல்ல கிருமிங்களும் குடியிருக்கும்மா. மருந்து அதுங்களையும் சேர்த்து விரட்டிடுச்சு. காலி வீட்டுல வேற ஒருத்தன் புகுந்துட்டான். அவன் பரிசோதனையில காலையிலயே தெரிஞ்சான். ஆனா இந்த வயசுப் பிள்ளைங்க நிறைய பேர் வயித்துல அவன் சும்மாவே கிடப்பான், தொந்தரவு பண்ண மாட்டான். அதனாலதான் அவன் மேல பழி போட யோசிச்சேன். நீங்க முதல் நாளே சொல்லியிருந்தா யோசிச்சிருக்க மாட்டேன்."

ஏறிக்கொண்டிருந்த மருந்தை அவரே நிறுத்தினார்.

வெளியே வந்து அரியாத்னிக்குப் போன் செய்தேன். சொல்லிட்டேன்டி, உன் பேரையும் சொல்லிட்டேன் என்றேன். நானே வந்து சொல்லியிருக்கணும் என்றாள். அதற்குமேல் என் வாயில் வந்ததெல்லாம் எழுதக் கூடியதில்லை. என் பிள்ளைக்கு நீ ஞானத்தாய் இல்லை, ஆஸ்பத்திரிப் பக்கம் வராதே என்று முடித்தேன். "சரி" என்றாள். அந்தச் சரிக்கும் எனக்குக் கோபம் வந்தது.

அக்டோபர் 8

மருந்து இல்லை. உப்புநீர் மட்டும். சும்மா இருப்பதுதான் இப்போது வைத்தியமாம். சும்மா இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் கற்றுத் தரவில்லையே.

அக்டோபர் 9, தெசலோனிகி

நேற்று எழுதி முடித்த கொஞ்ச நேரத்தில் காய்ச்சல் எகிறியது. கை கால் சில்லிட்டது. ஓடினார்கள், வந்தார்கள், தெசலோனிகி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பணும் என்றார்கள். லெஃப்தெரிஸ் துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தான். குழாயைச் சரிசெய்துகொண்டே நர்ஸ் கேட்டாள், பாப்பாவுக்குப் பெயர் வெச்சாச்சா? கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

புரிந்தது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை போகப் போகிறதென்றால் பாதிரியாருக்குக் காத்திருக்க மாட்டார்கள். யாராவது ஒருவர் மூன்று முறை காற்றில் தூக்கிப் பெயர் சொல்ல வேண்டும், அது போதும். மாட்டேன், மாட்டேன், அப்படித் தூக்கினா அவ செத்துடுவான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே. ஆனா தூக்காம விட்டு, வழியில...

நான் தூக்கினால் கீழே போட்டுவிடுவேன். கதவைத் திறந்து யாராவது வாங்க என்று கத்தினேன். மாடிப்படியில் அரியாத்னி உட்கார்ந்திருந்தாள். வராதே என்று சொன்னதிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறாள் போல.

"தூக்குடி" என்றேன்.

"என்ன பேரு?"

"எவான்தியா."

ஐரிஸ் என்ற பெயர் எனக்கு ஞாபகமே வரவில்லை. நர்ஸ் குழாயைப் பிடித்துக்கொள்ள, அவள் தூக்கினாள். மூன்று முறை. குரல் உடையாமல் சொன்னாள். என் கையில் கொடுத்த பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அக்டோபர் 11

காய்ச்சல் இறங்குகிறது. வயிறு தளர்ந்திருக்கிறது. நம்ப மாட்டேன், இன்னும் நம்ப மாட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

மண்டபம் அங்கே காலியாகக் கிடக்கும். எவான்தியா பசித்து அழுதாள், பால் குடித்தாள், மறுபடி அழுதாள். நான் கேட்டதில் இதைவிட நல்ல சத்தம் இல்லை.

நவம்பர் 10

இன்று தேவாலயத்தில் மீதிச் சடங்கு. ஏற்கெனவே ஆன ஞானஸ்நானம் ஆனதுதான், தண்ணீரில் முக்க வேண்டியதில்லை, எண்ணெய் பூசி முடிப்போம் என்றார் பாதிரியார் கெராசிமோஸ். பிறகு, தூக்கியது யார் என்று கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரிசையில், மெழுகுவர்த்தித் தட்டுக்குப் பக்கத்தில், அரியாத்னி அழைக்காமலே வந்து நின்றிருந்தாள். அதிகாரிகள் இரண்டு வாரம் கடையைப் பூட்டி வைத்துவிட்டு இப்போதுதான் திறக்க விட்டிருக்கிறார்கள். இளைத்திருந்தாள்.

வா என்று கையைக் காட்டினேன். மன்னித்துவிட்டேனா? இல்லை. எண்ணெய் வாசனையோடு பிள்ளை அவள் தோளில் சிரித்தபோதுகூட எனக்கு உள்ளே எரிந்தது. சடங்கு முடிந்ததும் பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

2014 ஜனவரி 16

நேற்றிலிருந்து எவான்தியாவுக்கு இருமல், லேசாகக் காய்ச்சல். டாக்டர் நாளைக்குத்தான் பார்ப்பாராம். படகு டிக்கெட் கவுண்டரில் இன்று எனக்கு முதல் நாள் வேலை, லீவு சொல்லிவிட்டேன். என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக அரியாத்னியின் கடைக்குப் போனேன். செப்டம்பருக்குப் பிறகு அந்தப் படி ஏறியதில்லை.

ஒரு பாட்டில் குடு என்றேன். சின்னதா, வீரியம் கம்மியா, ராத்திரிக்கு மட்டும்.

வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவள் என்னையே பார்த்தாள்.

"அன்னிக்கும் நீதான் கேட்டே, நான் குடுத்தேன். இன்னிக்கும் கேக்குற. குடுக்க மாட்டேன்டி."

எனக்குக் காது வரை சுட்டது. பழியைப் பங்கு போட வந்துட்டியா என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவள் நின்றிருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டாள், பட்டப்பகலில் ஷட்டரை இறக்கினாள், பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு டாக்டர் இருக்கும் வீதிக்கு நடந்தாள். நேரம் கொடுக்காத டாக்டரின் கதவு திறக்கும் வரை வாசலில் நின்றாள். நான் பின்னாலேயே போனேன்.

வெறும் சளி என்றார் டாக்டர். மூக்கைச் சுத்தம் செய்யுங்கள், பால் கொடுங்கள், மருந்து எதுவும் வேண்டாம்.

திரும்பும் வழியில் காற்று அடித்தது. அவள் தன் கோட்டுக்குள் பிள்ளையை மூடிக்கொண்டாள். வீட்டு வாசலில் வாங்கிக்கொள்ளச் சொல்லி நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. கதவைத் திறந்து, "உள்ள கொண்டு வந்து படுக்க வை" என்றேன்.