மூக்குள்ளவர்கள் சந்தா கட்ட வேண்டாம்

மார்ச் 3, திங்கள்

தபால்காரர் கட்டைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு யாருமே நல்ல சேதி அனுப்ப மாட்டாங்களா சார்?" என்றார். அனுப்புவதில்லைதான். வார இதழில் நான் எழுதும் விமர்சனப் பத்திக்காக எனக்கு வருபவை வேறு வகை. தனி ஆட்கள் சொந்தச் செலவில் நகலெடுத்து, பின் அடித்து, உறையிலிட்டு உலகத்துக்கு அனுப்பும் குட்டிப் பத்திரிகைகள். உலகம் அவற்றைப் படிப்பதில்லை. அதன் சார்பில் நான் படிக்கிறேன்.

இன்று படித்தவை: லிஃப்டுகளுக்கு மதிப்பெண் போடும் காலாண்டிதழ் (பொத்தான்களின் வழவழப்புக்குத் தனி மதிப்பெண், ஆசிரியர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது). பக்கத்து வீட்டுக்காரரோடு நடக்கும் மதில் சண்டையைப் பற்றி மட்டுமே எழுதும் மாதமடல். பக்கத்து வீட்டுக்காரர்தான் அதன் ஒரே ஆயுள் சந்தாதாரர். உட்கார்ந்தபடியே தூங்குவது எப்படி என்று ஒரு தபால்வழிப் பாடம். மூன்று பாடம் வந்தது, நான்காவது வரவில்லை. கற்றுக்கொடுப்பவர் தேர்ச்சி பெற்றுவிட்டார் போலும்.

கடைசியாக ‘மோப்பம்’. வாசகர்கள் ஏதாவது ஒரு வாசனையைக் கேட்கிறார்கள். அடுத்த மடலில் ஆசிரியை அதை எழுத்தில் விவரிக்கிறார். அவ்வளவுதான் பத்திரிகை.

வழக்கம்போல அட்டைகளை முதலில் கழற்றி வடிவமைப்பாளருக்கு அனுப்பினேன். மதியத்துக்குள் அட்டை போய்ச் சேராவிட்டால் அவர் என் பத்தியில் ஒரு பூவின் படத்தைப் போட்டுவிடுவார். மிச்சத்தை வைத்துக்கொண்டு எழுதினேன்:

"ஈரத் துண்டின் நாற்றத்துக்கு ஆசிரியை இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். வாசகர்களுக்கு மூக்கு என்றொரு உறுப்பு ஏற்கெனவே வழங்கப்பட்டிருக்கும் விஷயத்தை யாராவது அவர் காதில் போட்டால் தாளும் மையும் மிச்சமாகும். லேத் பட்டறையில் வேலை பார்த்தவரின் சட்டை எப்படி மணக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடைகளில் சோப்பு கிடைக்கிறது என்பதே நம் பதில்."

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நல்ல வரி வந்துவிட்டால் எனக்குத் தாகம் எடுக்கும்.

மார்ச் 8, சனி

இதழ் வந்துவிட்டது. ஆசிரியர் போனில் சோப்பு வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்கா கூப்பிடவில்லை. சனிக்கிழமை காலையில் பத்தியைப் படித்துவிட்டு அவள் கூப்பிடாமல் இருந்ததில்லை. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமாக இருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

அலுவலகத்தில் வடிவமைப்பாளர் அட்டைகளைத் திருப்பித் தந்தார். ‘மோப்பம்’ அட்டையை மட்டும் கையிலேயே வைத்திருந்தார்.

"சார், இதோட உள்பக்கம் பாத்தீங்கதானே?"

கட்டம் கட்டி, பொடி எழுத்தில்: ‘காய்ச்சலாலோ விபத்தாலோ முகரும் சக்தியை இழந்தவர்களுக்கு மட்டும் இந்த மடல். மூக்குள்ளவர்கள் தயவுசெய்து சந்தா கட்ட வேண்டாம்.’

நான் அதையே மறுபடி படித்ததை அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார்.

"பாத்துட்டுத்தான் எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன். கொஞ்சம் கொடூரமா இருக்கேன்னு தோணுச்சு. ஆனா உங்க ஸ்டைலே அதானேன்னு விட்டுட்டேன் சார்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. பாராட்டாகச் சொன்னார்.

அட்டையைக் கழற்றும்போது ஒரு முறை திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? இத்தனை வருடத்தில் எத்தனை அட்டைகளைத் திருப்பாமல் அனுப்பியிருப்பேன்? எத்தனை பேர் அவற்றின் உள்பக்கத்தில், தாங்கள் யாருக்காக எழுதுகிறோம் என்று சொல்லியிருப்பார்கள்?

மார்ச் 12, புதன்

திருத்தம் போட வேண்டும் என்று ஆசிரியரிடம் சொன்னேன்.

"திருத்தமா? சிரிச்சவன்கிட்ட போயி, நீ சிரிச்சது தப்புன்னு சொல்லச் சொல்றீங்களா? அந்தம்மாவுக்கு இப்ப எவ்வளவு சந்தா குவிஞ்சிருக்கும் தெரியுமா? நீங்க திட்டினாத்தான்யா சரக்கு போகுது. உங்களுக்கு மாலை போடணும் அவங்க."

"அதுவும் சரிதான்" என்றேன்.

சொன்னேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். வேறெங்கும் பதிவாகாது.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்துப் போர்வை மடித்தேன்.

"பத்தி படிச்சியா?"

"படிச்சேன்."

"என்ன, போனே காணோம்?"

"கடையில சோப்பு கிடைக்குதாமே. தெரிஞ்சுக்கிட்டேன்."

சிரித்தேன். நான் மட்டும். அவள் என் கையிலிருந்து போர்வை முனையை வாங்கிக்கொண்டாள்.

"அந்தச் சட்டை அவரோடதுடா."

அத்தான் போய் மூன்று வருடமாகிறது. அவருடைய வேலைச் சட்டை ஒன்றைத் துவைக்காமல் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி அலமாரியில் வைத்திருந்தாளாம். எப்போதாவது பிரித்து முகத்தருகே வைத்துக்கொண்டு, மறுபடி கட்டிவிடுவாளாம். போன வருடக் காய்ச்சலுக்குப் பிறகு பிரித்தால் ஒன்றுமே இல்லை. வாசம் சட்டையை விட்டுப் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்திருக்கிறாள். அப்புறம் குளியலறைக்குப் போய் பினாயில் பாட்டிலைத் திறந்து மூக்கருகே பிடித்திருக்கிறாள். அதிலும் ஒன்றும் இல்லை.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நல்ல வரிதான். இங்கே எழுத மாட்டேன்.

"அந்த ஒரு வரிய எழுதிப் போடறதுக்கு நான் பட்ட பாடு. சட்டையையும் பார்சல் பண்ணி அவங்களுக்கு அனுப்பினேன். முன்னப்பின்ன தெரியாத பொம்பள. தெரியாதவங்கன்னா சிரிக்க மாட்டாங்கன்னு ஒரு தைரியம்."

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா அது நீன்னு—"

"நானா இல்லேன்னா சரியாடா?"

வரும் வழியெல்லாம் இதற்குப் பதில் தேடினேன். இப்போதும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

என் முதல் வேலைக்கு அத்தான்தான் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார், பட்டறைக்குப் போகிற வழியில், அதே மாதிரி ஒரு நீலச் சட்டையில். ஒரு மாதம். அவர் முதுகுக்கும் என் மூக்குக்கும் ஒரு சாண்கூட இருக்காது. ‘லேத் பட்டறை, சட்டை’ என்று படித்தபோது எனக்கு ஒன்றும் தட்டவில்லையே. ஒன்றுமே தட்டவில்லையே! மூக்கு போனது யாருக்கு?

மார்ச் 22, சனி

‘மோப்பம்’ ஆசிரியையைப் பார்க்கப் போனேன். சலவைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அது? நேர்ல இன்னும் சாதாரணமா இருக்கீங்க."

மேஜை முழுக்கக் கடிதங்கள், எல்லாம் என் வாசகர்கள் போட்டவை. விளையாட்டுக்குச் சந்தா கட்டி, விளையாட்டுக்குக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். மந்திரியின் காலுறை எப்படி மணக்கும்? என் மாமனாரின் வாய்? ஒவ்வொன்றாக எடுத்து, ரயில் அறிவிப்பு போலப் படித்துக் காட்டினார்.

"இதுல ஒண்ணாவது நல்லா எழுதியிருந்தா மன்னிச்சிருப்பேன்" என்றார். "என் பழைய ஆளுங்க வரிசையா வேண்டாம்னு எழுதிட்டாங்க. அவங்க கேக்குறதே கூச்சப்பட்டுக்கிட்டுத்தான். இப்ப ஊரே எட்டிப் பாக்குதுன்னா எப்படிக் கேப்பாங்க? நிறுத்திட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். அது அவரை அவ்வளவாகக் கவரவில்லை. அவருடைய கோபம் வேறு இடத்தில் இருந்தது.

"ஈரத் துண்டு ரெண்டு பக்கம்தான். ஒத்துக்கிறேன். அதுல ஒரு வார்த்தைய எடுத்துக் காட்டுங்க பாப்போம்." மடலை என்னிடம் நீட்டினார். வெட்டுவது என் தொழில். எழுந்து நின்று, பென்சிலோடு, இரண்டு பக்கத்தையும் படித்தேன். ஒரு சொல்லையும் எடுக்க முடியவில்லை. விமர்சனம் எழுதுமுன் நான் இதைப் படித்திருக்கவில்லை, புரட்டியிருக்கிறேன்.

"ம்" என்றார் திருப்தியாக.

நாற்காலியின் மேல் பிளாஸ்டிக் பை. உள்ளே எனக்குத் தெரிந்த நீலம். நான் பார்ப்பதைப் பார்த்து, பிரித்து முன்னால் வைத்தார்.

"எழுதுறவர்தானே? மோந்து பாத்து சொல்லுங்க."

குனிந்தேன். வாய்க்கு வந்ததெல்லாம் உவமைகள், ஒவ்வொன்றும் கைதட்டலை எதிர்பார்த்துக்கொண்டு. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "எண்ணெய்" என்றேன்.

"அது வேலை. ஆளு?"

மறுபடி குனிந்தேன். கண் எரிந்தது, எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம்.

"இதத் திருப்பி அனுப்பணும்" என்றார்.

"நான் எடுத்துட்டுப் போறேன். அனுப்பினவங்க என் அக்காதான்."

பையை மறுபடி இறுக்கிக் கட்டினார்.

"அப்படியா. அப்ப தபால்லயே அனுப்பிடறேன்."

ஏப்ரல் 5, சனி

இந்த வாரப் பத்தி முழுக்க மன்னிப்பு. அட்டையைத் திருப்பாதது, சட்டை யாருடையது என்று இப்போது எனக்குத் தெரியும் என்பது (அக்கா என்று சொல்லாமல்), நான் வெட்கப்படுகிறேன் என்பது. நேராக, அலங்காரம் இல்லாமல். ஆசிரியர் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

கடிதங்கள் வருகின்றன. ‘இதுவரை எழுதியதிலேயே இதுதான் உச்சம்.’ ‘"நான் வெட்கப்படுகிறேன்" என்ற இடத்தில் சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது.’ ‘முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் எப்படி சார் இப்படி?’

ஆசிரியர், "மன்னிப்பு வரிசைன்னு ஒண்ணு ஆரம்பிச்சிடலாமா? வாரம் ஒருத்தர்கிட்ட கேளுங்க" என்கிறார்.

காலமெல்லாம் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டே எழுதினேன். இப்போது அது இளகினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. யாரைக் குறை சொல்ல?

பத்தி எழுதுவதை விடுகிறேன் என்று நாலு வரி எழுதி அனுப்பினேன். ‘பிரமாதம். அடுத்த வாரமே போட்டுடலாம்’ என்று பதில் வந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

அக்கா கண்ணாடி ஒன்றின் காலை முடுக்கிக்கொண்டிருந்தாள். கடை வேலையை வீட்டுக்கும் கொண்டுவருகிறாள்.

"படிச்சேன்" என்றாள் நிமிராமல். "சிரிப்பு வரல."

"எல்லாருக்கும் வந்துச்சாம்."

"அவங்களுக்கு உன் மூஞ்சி தெரியாது. சின்னப் பிள்ளையில நீ அழும்போதும் இப்படித்தான் வெச்சிருப்ப. அம்மாவே நம்ப மாட்டாங்க."

கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சட்டை தபாலில் வந்துவிட்டதாம். காட்டவில்லை. மன்னித்துவிட்டாயா என்று கேட்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் அவள் எனக்காக ‘ஆமாம்’ என்று சொல்ல வேண்டியிருக்கும். கேட்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

காலையிலிருந்து மூன்றாவது மாடியில். விளையாட்டுக்குச் சந்தா கட்டியவர்கள் ஒவ்வொருவருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பும் வேலை. உறையில் முகவரி எழுதுவது நான், நாக்கால் ஒட்டுவதும் நான். மதியம் வரை ஆசிரியை என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்: "இவ்வளவு மோசமான கையெழுத்த வெச்சிக்கிட்டா அடுத்தவங்க எழுத்தக் குறை சொன்னீங்க?"

மாலையில் ஒரு குவளை தேநீர் வைத்தார். மடல் மறுபடி வருமா என்று கேட்டேன்.

"வந்தாலும் உங்களுக்கு வராது."

"சரி" என்றேன்.

மே 4, ஞாயிறு

அக்கா வீட்டு மேஜையில் ஓர் உறை. மேலே ‘மோப்பம்’ என்று பெயர் இல்லை. இப்போது அட்டையும் கிடையாதாம், விளம்பரமும் கிடையாதாம். பழைய ஆட்களில் திரும்பி வரச் சம்மதித்தவர்களுக்கு மட்டும், கையால் முகவரி எழுதி. நேற்றே வந்திருக்கிறது. பிரிக்காமல் வைத்திருக்கிறாள். எனக்காக வைத்திருந்தாளோ என்று நினைத்துவிட்டேன். சேர்ந்து படிக்க. அந்த நினைப்புக்கும் சேர்த்து வெட்கப்பட வேண்டியதாகிவிட்டது.

உறையைக் கையில் எடுத்தாள்.

"அடுப்புல பால் வெச்சிருக்கேன். அடிப்பிடிச்சாக்கூட எனக்குத் தெரியாதுடா. நீ இருந்து பாத்துக்க."

தனக்குத் தெரியாது என்பதை அவளாக என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் சாதாரணமாக "சரிக்கா" என்றேன். சொல்ல ஒன்று வந்தது, வந்த வழியே போகவிட்டேன்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அலமாரி திறக்கிற சத்தம். பிளாஸ்டிக் பை பிரிகிற சத்தம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

அடுப்பை விட்டு நகராமல் நின்றேன். பால் பொங்கி வந்தது, அணைத்தேன். அவள் வரவில்லை. பால் ஆறிப்போயிற்று. கதவைத் தட்டாமல், மறுபடி சுட வைத்தேன்.