தனபாக்கியம் என்னும் குடும்பப் பெயர்

உன் மகள் அனுப்பிய பழுப்பு உறை என் மேசைமேல் இருக்கிறது. அனுப்புநர் இடத்தில் தன் பெயரை எழுதி, கடைசி எழுத்தின் வாலைப் பின்னால் இழுத்து, முழுப் பெயருக்கும் அடிக்கோடாக்கியிருக்கிறாள். நீ அப்படித்தான் செய்வாய். இங்கிலாந்தின் லெஸ்டரில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

உள்ளே இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அவள் பாஸ்போர்ட்டின் நகல். உங்கம்மாவின் வங்கிக் கணக்கில் நாமினியாக இத்தனை வருடம் உன் பெயர் இருந்தது. நீ போன பிறகு அதை மாற்ற வேண்டியிருந்தது. "கயல் பேரைப் போட்டுடு" என்று உங்கம்மாதான் சொன்னார். அதற்காக நான் கேட்டு வாங்கிய நகல் அது.

இன்னொன்று இணையத்திலிருந்து அச்செடுத்த தாள். பிரிட்டனில் இருக்கும் குடும்பப் பெயர்கள் எங்கிருந்து வந்தன, அந்தப் பெயர்க்காரர்கள் இப்போது எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று வரைபடம் போட்டுக் காட்டும் தளமாம். படத்தில் லெஸ்டர்மேல் ஒரு புள்ளி. உன் பையன் படிக்கப் போயிருக்கும் அபர்டீன்மேல் ஒரு புள்ளி. மற்றபடி தீவு முழுக்க வெள்ளை. கீழே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. தனபாக்கியம் மிக அரிய பெயர், மூலம் இந்தியா, இந்தப் பெயர் கொண்டவர்களின் முன்னோர் அரண்மனைப் பொக்கிஷத்தைக் காத்தவர்களாக இருக்கலாம்.

பொக்கிஷம்! தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சேர்ந்து சிரிக்க நீ இல்லை என்பது பாதியில்தான் உறைத்தது.

தாளின் ஓரத்தில் கயல் எழுதியிருந்தாள். "பெரிம்மா, இது உண்மையா? அம்மாவிடம் எப்போது கேட்டாலும் சிரிப்பாள், 'பாட்டிகிட்ட சொல்லிட்டு உனக்குச் சொல்றேன்' என்பாள். எனக்குக் கல்யாணம் வருகிறது. பேரை மாற்றிக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யணும். அதற்கு முன்னால் இது யாருடையது என்று தெரியணும்."

யாருடையது என்று இந்த உலகத்தில் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம். ஒன்று உன் கணவர். நீ வாங்கிய சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு அவர் வாய் திறக்க மாட்டார். இன்னொன்று நான். என்னிடமும்தான் சத்தியம் வாங்கியிருந்தாய்.

உங்கம்மா காத்ததெல்லாம் ஊராரின் கல்யாணப் பத்திரிகைகளை. மயிலாப்பூரில் அந்த அச்சகத்தின் பின்கட்டில், விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்து மடித்துக்கொண்டே இருப்பார். கட்டைவிரல் நகத்தால் ஓர் இழுப்பு, திருப்பி இன்னோர் இழுப்பு. பள்ளிக்கூடம் விட்டு நாம் அங்கேதான் போவோம். "ஊர்ல கீற பேரெல்லாம் என் நகத்துக்குக் கீழதான் போய்க்கினு கீது" என்பார். ஒரு தாளையும் படிக்காமல் மடிக்க மாட்டார். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளை அப்படித்தான் கற்றுக்கொண்டார். மாப்பிள்ளை பெயரில் ஓர் எழுத்து குறைந்தாலும் பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் போய்விடுவார்.

அவர் பெயரை மட்டும் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அச்சகத்தில் பைண்டிங்கம்மா. தெருவில் உன் பெயரைச் சொல்லி, அவளோட அம்மா. கூப்பிட்டிருக்க வேண்டிய உங்கப்பா, நாம் ஆறாவது படிக்கும்போது வேலைக்கென்று கோயம்புத்தூர் போனார். அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். அவர் பெயர் தண்டபாணி. உன் பள்ளிச் சான்றிதழ்களில் உன் பெயருக்கு முன்னால் நின்ற 'டி' என்ற ஒற்றை எழுத்துதான் அவர் விட்டுப்போனது.

பனகல் பூங்கா பெஞ்சு உனக்கு நினைவிருக்கும். இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்கு உன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், பாஸ்போர்ட்டுக்கு அவசரம். கட்டம் கட்டமாக எழுத என் கையெழுத்துதான் லாயக்கு என்று தி. நகருக்கு இழுத்துக்கொண்டு போனாய். உன் பெயரை எழுதி முடித்தேன். அடுத்த வரி குடும்பப் பெயர்.

"நமக்கு ஏதுடி குடும்பப் பேரு? நாம இன்னா வெள்ளைக்காரனா?" என்றாய்.

"இனிஷியலை விரிச்சு எழுதணுமாம். ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார்."

எழுதத் தொடங்கினேன். டி, எச், ஏ, என். நான்கு கட்டம் நிரம்பியபோது என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"இரு. எந்த டி?"

"எந்த டின்னா?"

"எங்கம்மாவுக்கும் டி தான். இதுவரைக்கும் நீ எழுதினது ரெண்டு பேருக்கும் பொதுதான், எண்ணிப் பாரு."

எண்ணிப் பார்த்தேன். உண்மைதான். ஐந்தாவது எழுத்தில்தான் தண்டபாணியும் தனபாக்கியமும் பிரிகிறார்கள்.

"உங்கம்மா காலைல கூட சொல்லி அனுப்பினாங்களே, அப்பா பேரைத்தான் போடணும்னு" என்றேன்.

"சொல்லும். அப்பன் பேர் இல்லாத பொண்ணுன்னு அங்க எவனாச்சும் கேப்பான்னு அதுக்கு பயம். அப்பா பேருக்குன்னு கீழ தனியா கட்டம் கீது இல்ல? அதுல அவரைப் போடு. இந்தப் பேரு எத்தினி நாளைக்கு வரும்?"

"சாகிற வரைக்கும்."

"அப்போ கூட இருந்தவ பேரைப் போடு."

ஐந்தாவது கட்டத்தில் ஏ என்று எழுதினேன். அந்த எழுத்து மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது. சிரித்துக்கொண்டே எழுதியதால் வந்த கோணல்.

பாஸ்போர்ட் அலுவலகக் கவுன்ட்டரில் இருந்தவர் விண்ணப்பத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாம்மா இது? அப்பா தண்டபாணி, நீ தனபாக்கியமா?"

"சர்டிபிகேட்ல டி தான் சார் இருக்குது. டி-யில தப்பு இருந்தா சொல்லுங்க."

சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாய் கீது உனக்கு. பொழைச்சுப்ப" என்று முத்திரையைக் குத்தினார். திரும்பும் பேருந்தில்தான் என்னிடம் சத்தியம் வாங்கினாய். "அம்மாகிட்ட நீ வாயத் திறக்காத. நேர்ல நானே சொல்றேன். அது மூஞ்சியை நான் பாக்கணும்."

முதல்முறை அங்கிருந்து போன் செய்தபோது, சாப்பாட்டைப் பற்றியோ குளிரைப் பற்றியோ நீ பேசவில்லை. "வார்டுல 'சிஸ்டர் தனபாக்கியம்'னு கூப்பிட்டுக்கினே இருந்தாங்கடி. நான் திரும்பவே இல்ல. அம்மா எப்ப வந்துச்சுன்னு வாசலைப் பாத்தேன்" என்றாய். கிழவர் ஒருவருக்கு அந்தப் பெயர் நாக்கில் புரளவில்லையாம். சரியாகச் சொன்னால்தான் ஊசி வலிக்காது என்று நீ மிரட்ட, தினமும் காலையில் அவர் ஒத்திகை பார்ப்பாராம். மயிலாப்பூரில் ஒருவரும் சொல்லாத பெயரை அங்கே ஒரு வார்டே மனப்பாடம் பண்ணியது.

பிறகு வடபழனிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாய். அவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. கயல் பிறந்து பதிவுசெய்யப் போனபோது, "உன்னுதே போட்டுடு, உன்னுதுலயாவது ஒண்ணு கீதே" என்று சொல்லிவிட்டாராம். குடியுரிமை வாங்கியபோது அவரும் அதையே எடுத்துக்கொண்டார். "மாமியார் பேரைச் சுமக்கிற மாப்பிள்ளை உலகத்திலயே நான் ஒருத்தன்தான். வெளில சொல்லிடாதீங்க, வடபழனி பசங்க ஓட்டித் தள்ளிடுவானுங்க" என்று என்னிடம் புலம்பினார். அந்தப் புலம்பலில் எவ்வளவு பெருமை!

நீ ஊருக்கு வந்தபோதெல்லாம் சொல்லப்போகிறாய் என்று காத்திருந்தேன். ஒருமுறை உங்கம்மாவுக்குக் காய்ச்சல். ஒருமுறை உங்கப்பா இறந்த செய்தி வந்து, உங்கம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது என்றாய். ஒருமுறை எந்தக் காரணமும் இல்லை. "பயமா இருக்குடி" என்றாய். "எதுக்கு அப்படி செஞ்சேன்னு திட்டிட்டா, அந்தப் பேரை எப்படி மறுபடி போட்டுக்கறது?"

கடைசி முறை வருவதற்கு டிக்கெட் எடுத்திருந்தாய். டாக்டர் விடவில்லை.

உன்னை அடக்கம் செய்ததை நானும் உங்கம்மாவும் என் போனில் பார்த்தோம். இங்கே சாயங்காலம். டம்ளரில் சாய்த்துவைத்த போனுக்கு முன்னால் அவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அங்கே ஓர் அம்மாள் ஆங்கிலத்தில் உன்னைப் பற்றிப் பேசினார். நடுநடுவே தனபாக்கியம், தனபாக்கியம் என்று வந்தது. உச்சரிப்பில் பிசகே இல்லை.

உங்கம்மா என் பக்கம் திரும்பினார். "என் பேரை ஏன் சொல்றாங்க?"

"உங்க பொண்ணுன்னு சொல்றாங்கம்மா."

நான் சொன்னது பொய்யில்லை. உண்மையும் முழுசாக இல்லை. அன்றைக்கு அந்த அளவுக்குத்தான் எனக்குத் தைரியம் இருந்தது.

உறை வந்த மறுநாள், தேனாம்பேட்டையில் அலுவலகம் முடிந்து, நாமினி படிவத்தோடு உங்கம்மா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. படிவத்தை மடித்து, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டலாம். உன் சத்தியமும் உடையாது. ஆனால் அவர் படிக்காமல் எந்தத் தாளையும் தொடமாட்டாரே.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். நாமினி வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"இன்னாடி இது? தப்பா எழுதிட்ட. கயல் பேருக்குப் பின்னால என் பேரைப் போட்டுக்கீற. ரெண்டு லைனு ஒண்ணாயிடுச்சு பாரு. அச்சகமா இருந்தா முதலாளி உன்னைத் தொலைச்சிருப்பாரு."

"தப்பில்லம்மா. அவ பேரே அதான்."

பாஸ்போர்ட் நகலை எடுத்து வைத்தேன். பிறகு வரைபடத்தை. பிறகு பனகல் பூங்காவைச் சொன்னேன். எந்த டி என்று நீ கேட்டதைச் சொன்னேன். கூட இருந்தவ பேரைப் போடு என்றதையும் சொன்னேன். என்னை மன்னித்துவிடு. உங்கம்மா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், நான் பார்த்தேன்.

"இத்தினி வருசமா ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"நீங்க திட்டுவீங்கன்னு பயம்."

"திட்டிதான் இருப்பேன்." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு நகலைக் கண்ணருகே கொண்டுபோனார். "ரேஷன் கார்டுல தனபாக்கியான்னு போட்டுக்கீறான். ஆஸ்பத்திரி சீட்டுல தனலட்சுமின்னு போட்டான் ஒருத்தன். இங்கதான் ஒரு எழுத்துகூட தப்பில்ல." பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "ஏய், மாப்பிள்ளையுமா?"

"அவரும்தான்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உன்னை இழந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரிப்பு அழுகையாக மாற அதிக நேரம் ஆகவில்லை. அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்ததும் கயலுக்குப் போன் போடச் சொன்னார்.

"பொக்கிஷமும் இல்ல, அரண்மனையும் இல்லடா கண்ணு. அது நான்தான்" என்றார். "கல்யாணத்துக்கு மாத்திக்கணும்னா மாத்திக்கோ. கூச்சப்படாத. பேரு எங்கிட்ட கீது, எங்கயும் போயிடாது."

"பாட்டி..." என்றாள் கயல். "பத்திரிகை அச்சடிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு அனுப்பறேன். நீங்க படிச்சுப் பாக்கணும்."

"அனுப்பு. எழுத்து தப்பு இருந்தா விட மாட்டேன்."

அதில் பெயர் எப்படி இருக்கும் என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

வரைபடத் தாளை உங்கம்மா எடுத்துக்கொண்டார். நகத்தால் ஓர் இழுப்பு, திருப்பி இன்னோர் இழுப்பு. புள்ளிகள் இரண்டும் மடிப்பில் சிக்காமல் பார்த்து மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கையெழுத்து 'த. தனபாக்கியம்'. முதல் எழுத்தைப் போட்டு, புள்ளி வைத்து, பேனாவைத் தூக்கிப்பிடித்தபடி அதையே பார்த்தார்.

"வங்கியில மாத்தணும்னா அலையணும், இல்ல?"

"ஆமாம்மா. நிறைய காகிதம் கேப்பாங்க."

"சரி, இருக்கட்டும். இனிமே இந்த த-வும் நான்தான்னு வெச்சுக்கோ." மிச்சத்தை எழுதி முடித்தார்.

உன் சத்தியத்தை உடைத்துவிட்டேன். திட்ட நீ இல்லை என்பதுதான் வருத்தம். அலுவலகத்தில் காப்பீட்டுப் படிவம் நிரப்ப யாராவது எதிரில் உட்காருவார்கள். "இனிஷியலை விரிச்சு எழுதணுமாங்க?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லவேண்டிய இடத்தில் என் பேனா ஒரு கணம் நிற்கிறது. மணிக்கட்டில் உன் பிடி. எதிரில் இருப்பவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டுவிடுகிறேன், உன் குரலிலேயே: "யாரோடது?"