மாரிமுத்துவின் வலது கண்

ஜூலை 6, திங்கள்
மழை. மூன்று நாளாக வெயில் இல்லை. காலேஜ் கெமிஸ்ட்ரி ஸ்டோர் சுவரெல்லாம் ஈரம். பாட்டில் லேபிள்கள் தானாக உரிந்து விழுகின்றன. பாதியைத் திரும்ப எழுதி ஒட்டினேன். பசை காயவில்லை. சனியன்.

இருப்பு: கந்தக அமிலம் சரி. நைட்ரிக் குறைவு. சயனைடு பூட்டிய அலமாரியில், சாவி என்னிடம். அசிட்டிக் அமிலம் வழக்கம்போல் கல்லாக உறைந்து கிடக்கிறது. ஊட்டிக் குளிருக்கு வேறென்ன செய்யும்?

அட்டெண்டர் மாரிமுத்துவுக்கு 24ஆம் தேதி மருத்துவப் பரிசோதனை. தேறினால் வேலை நிரந்தரம். சிலோன் தோட்டத்தைவிட்டு மண்டபம் முகாம் வழியாக வந்தவன். இதுவரை தற்காலிகம்தான். "இனி பெரட்டுல நம்ம பேர யாரும் வெட்ட ஏலாதுங்கம்மா" என்றான். பெரட்டு, தோட்டத்தில் காலை ஆஜர் எடுப்பது. காலேஜுக்கும் அதே பேச்சு. நல்ல பையன்.

ஜூலை 8, புதன்
கோயமுத்தூரிலிருந்து சரக்கு. லாரித் தார்ப்பாய் ஓட்டை, எல்லாம் நனைந்திருந்தது. ஒரு பழுப்பு பாட்டிலில் லேபிளே இல்லை. தனியாக வையுங்கள் என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு குன்னூர் போனேன். அக்கா மகளுக்குக் காய்ச்சல். இப்போது தேவலை.

ஜூலை 9, வியாழன்


பிராக்டிகல் நாள். அசிட்டிக் பாட்டில்களை வெந்நீர் வாளியில் நிறுத்தி உருக்குவது இங்கே வழக்கம். பழுப்புக் கண்ணாடி, உள்ளே உறைந்திருக்கிறதா இல்லையா தெரியாது. நேற்று வந்த லேபிள் இல்லாத பாட்டிலை யாரோ அந்த வரிசையிலேயே வைத்திருக்கிறார்கள். மாரிமுத்து எல்லாவற்றையும் வாளியில் இறக்கினான். அந்த ஒன்று அம்மோனியா. சூடு ஏறி, மூடியைத் திருகியதும் முகத்தில் பீறிட்டது.

குழாயடியில் அவன் தலையைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன்.
"கண்ணைத் திற மாரி. திறந்தாத்தான் ஆகும்."
"ஏலாதும்மா. எரியுது. ஏலாது."

ஜூலை 10, வெள்ளி
புரொபசர்: "மோந்து பாத்திருக்க வேண்டாமா அவன்?" மூடிய பாட்டிலை எப்படி மோந்து பார்ப்பது என்று கேட்டேன். குமாஸ்தா: "ஏனுங்க, நான் வைக்கலீங்க. லோடுமேன் வச்சிருப்பானுங்க." யாரும் வைக்கவில்லை. பாட்டில் தானாக நடந்து போயிருக்கும்.

மண்ணெண்ணெய் தீர்ந்தது, வாங்க வேண்டும்.

ஜூலை 15, புதன்
ஆஸ்பத்திரி. இடது கண் பிழைத்துவிட்டது. வலதில் மெல்லிசாக வெள்ளை படர்ந்திருக்கிறது. வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். அவன் மனைவி பார்வதி, எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள், லீவு போட்டு வந்திருந்தாள். "ஒத்தக் கண்ணுன்னா வேல குடுப்பாங்களாம்மா?" கொடுக்கமாட்டார்கள். பழம் உரித்துக் கொடுத்தேன்.

ஜூலை 19, ஞாயிறு
தூறல். பனிமூட்டம்.

ஆஸ்பத்திரியில் மாரிமுத்து மெதுவாகக் கேட்டான்: "கண்ணு பாக்குற ரூம்பு சுவத்துல மாட்டியிருக்கிற எழுத்து அட்டைய எனக்குச் சொல்லிக் குடுங்கம்மா. பாடமாக்கிக்கிறேன்." 24ஆம் தேதி பார்ப்பவர் வேறு டாக்டர், புதிதாக மாற்றலாகி வந்தவர். ஆனால் அதே ஆஸ்பத்திரி, அதே அறை, அதே அட்டை. தப்புதான். செய்தேன். அறையில் ஆள் இல்லாத நேரம் அட்டையைப் பார்த்து வரிவரியாகச் சொன்னேன், அவன் திருப்பிச் சொன்னான். தப்பினால் பார்வதி திருத்தினாள். அவளுக்கு அவனைவிடச் சீக்கிரம் மனப்பாடமாகிவிட்டது. சிரித்தோம்கூட.

ஜூலை 23, வியாழன்
தூக்கமில்லை. பார்வதி புதுச்சட்டை தைத்து வைத்திருக்கிறாளாம்.

ஜூலை 24, வெள்ளி
மழை விட்டிருந்தது. மூவரும் போனோம். எடை, உயரம், நெஞ்சு எல்லாம் சரி. டாக்டர் வயசானவர். வலது கண்ணின் இமையை விரலால் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். எங்களையும் பார்த்தார். பிறகு இடது கண்ணைக் கையால் மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் போய் சுவரிலிருந்து அட்டையைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இப்பப் படிப்பா."

பார்வதி என் கையைப் பிடித்தாள். மாரிமுத்து நிமிர்ந்து நின்று, வெறுஞ்சுவரைப் பார்த்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தான். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.