வாயைப் பொத்தாமல்

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவின் முன்பற்கள் கறுத்துவிட்டன. அம்பத்தூர் பல் டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு என்னிடம், "மொதல்ல நீ வாயத் தொறம்மா," என்றார். என் சொத்தைப் பல்லின் கிருமி அவளுக்கும் போகுமாம். சூடு பார்க்க நான் வாயில் வைத்த ஸ்பூனிலேயேதான் அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"பால் பல்லுதான, உழுந்துடும்," என்று சவுதியிலிருந்து சொல்லிவிட்டீர்கள். நான் விடுவதாக இல்லை. அவளுக்குத் தனி ஸ்பூன் வாங்கிவிட்டேன். சனிக்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டு, முதலில் என் பல்லைச் சரிசெய்கிறேன், அப்புறம் அவளுடையதை.

இன்னொன்று. அவளும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். கல்யாணமான புதிதில் என் பல்லைப் பற்றி நீங்கள் சொன்னதிலிருந்து நான் பொத்துகிறேன். என்னைப் பார்த்து அவள்.

இனி வீடியோவில் கூப்பிட்டால் இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டுச் சிரிப்போம். பிடிக்கவில்லை என்றால் நீங்கள் கண்ணைப் பொத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா