பதினோரு லிஃப்ட் உள்ள ஊர்

பிப்ரவரி 4, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். நோட்டிடம் மன்னிப்புக் கேட்கிற நிலைமைக்கு வந்தாயிற்று. குட்டி இப்போதுதான் தூங்கினாள். இரண்டரை வயது. விளக்கை அணைத்த பிறகுதான் அவளுக்குத் தாகம், பொம்மை, பாத்ரூம் எல்லாம் ஞாபகம் வரும்.

விஷயம் இதுதான். குட்டியின் அப்பாவைச் சின்ன ஊர் ஒன்றுக்குப் போகச் சொல்லி அவருடைய லிஃப்ட் கம்பெனி கேட்கிறது. பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். இங்கே அவர் பொறுப்பில் மட்டும் நூற்று நாற்பது லிஃப்ட். அங்கே ஊர் முழுக்கவே பதினொன்று. "ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சுக் கூப்பிடலாம்" என்கிறார். அடுத்த வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பக்கத்தின் நடுவில் கோடு போட்டேன்.

போனால்: அவர் ஐந்தரை மணிக்கு வீட்டில் இருப்பார். வாடகை குறைவு. தரைத்தளம் கிடைக்கும். (லிஃப்ட் மெக்கானிக் குடும்பம் லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியில் இருக்கிறது. இதைச் சொல்லி மற்றவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள்.)

இருந்தால்: என் வேலை. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருஷம். அக்கா பக்கத்தில். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்பது நிமிடம்.

கடைசி வரியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். போன வருஷம் காய்ச்சலில் குட்டிக்கு வலிப்பு வந்தது. அவர் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் செருப்பில்லாமல் பின்னால். ஒன்பது நிமிடம். எல்லாம் சரியாகிவிட்டது. மறுபடி வராது என்றும் வரலாம் என்றும் டாக்டர் ஒரே வாக்கியத்தில் சொன்னார்.

பிப்ரவரி 5, புதன்

போனால் பக்கத்தில் ஒன்று விட்டுப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் குட்டி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்படித்தான் செய்வாள். "எப்ப போவீங்க?" என்று வேறு கேட்டாள். தினமும் அவள் தூங்கிய பிறகு வந்து, எழுவதற்குள் போகிறவர். சிரித்தார். அந்த அரை டம்ளர் தண்ணீரைக் குடித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று அவருக்கு.

பிப்ரவரி 6, வியாழன்

அக்கா போனில்: "போனா உன் வேலை போவும். இருந்தா அந்த மனுஷன் தேய்ஞ்சு போவாரு. ரெண்டுல எதைத் தாங்குவேன்னு யோசி. யோசிக்கிறேன் யோசிக்கிறேன்னு என் காதைத் தின்னாத."

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

வீடு நன்றாகவே இருக்கிறது. தரைத்தளம், இரண்டு அறை, பின்னால் துணி காயப்போட இடம். நாலு மாதமாகப் பூட்டிக் கிடந்த வாசனை. மாடியில் வீட்டுக்காரம்மா இருக்கிறார், தையல் வேலை செய்பவர். குட்டியைப் பார்த்ததும், "இவளுக்கு ஒரு மீட்டர் துணி தாராளமாப் போதும்" என்றார். குட்டி அவருடைய அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தரமாட்டேன் என்றாள்.

ஐஸ் பெட்டியும் பாட்டிலும் கொண்டுபோயிருந்தேன். சமையலறைக் குழாயில் தண்ணீர் பிடித்தபோது வீட்டுக்காரம்மா, "என்னம்மா அது, மருந்தா?" என்றார். டெஸ்ட் பண்ண என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

"மன்னிச்சுக்கங்க. எங்க வீட்ல நான் ஊத்திக் குடுக்கிற காப்பியையே இவ டெஸ்ட் பண்ணித்தான் குடிப்பா" என்று அவர் சமாளித்தார். என்னை 'ஆராய்ச்சி' என்றுதான் கூப்பிடுவார். அந்த அம்மாவிடமும் அப்படியே சொல்லிவைத்தார்.

குழந்தை டாக்டர் ஒருவர் இருக்கிறார், காலையில் மட்டும். பெரிய ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில். அகாலத்தில் வண்டி கிடைக்குமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் வந்துவிடும் போல ஒரு பயம். படித்தவள்தான். இருந்தாலும்.

திரும்பும் வழியில் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்ப் பாட்டிலை ஞாயிறு ட்யூட்டிப் பெண்ணிடம் கொடுத்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பரிசோதனை முடிவு வந்தது. கிருமி இருக்கிறது. கொஞ்சநஞ்சம் இல்லை.

நிம்மதியாக இருந்தது. அதை எழுதி வைக்கிறேன்.

அவருக்குப் போன் செய்தேன். ஏதோ கட்டிடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்றிருந்தார், குரல் கிணற்றிலிருந்து வருவது போல். "அப்படியா" என்றார். "சரி."

வீட்டுக்காரம்மாவிடமும் சொன்னேன். "இருபத்திரெண்டு வருஷமா இதே தண்ணியைக் குடிச்சுத்தான் மூணு புள்ளைங்களை வளர்த்தேன். யாரு செத்தா இங்க?" என்று வைத்துவிட்டார்.

பிப்ரவரி 12, புதன்

வரவில்லை என்று மேலாளரிடம் சொல்லிவிட்டாராம். வெள்ளிவரைகூடக் காத்திருக்கவில்லை. "புள்ளைக்குக் கெட்ட தண்ணியைக் குடுத்துட்டு நான் அஞ்சரைக்கு வந்து என்ன கிழிக்கப் போறேன்" என்றார்.

பிப்ரவரி 13, வியாழன்

எங்கள் பிரிவுத் தலைவி படிவங்களை வரிக்கு வரி ஸ்கேல் வைத்துப் படிப்பவர். இன்று என் பாட்டிலுக்கான படிவத்தில் ஸ்கேல் ஒரு வரியில் நின்றது.

"இந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு?"

குழாயை ஓடவிட்ட நேரம். அந்தக் கட்டம்.

"சொந்த வேலை மேடம். அவசரத்துல..."

"சொந்த வேலைக்கும் அதே குழாய்தானே. எவ்வளவு நேரம் ஓடவிட்ட?"

"ஓடவிடல."

நிமிர்ந்து பார்த்தார். "புதுசா வர்றவங்களுக்கு முதல் நாள் இதைச் சொல்லிக்குடுக்கிறது யாரு?"

நான்தான். குழாய் வாயைத் துடை, மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிடு, அப்புறம் பிடி. பூட்டிய வீட்டுக் குழாயில் மாதக்கணக்கில் தேங்கியதைப் பிடித்தால் கிருமி இல்லாமல் என்ன இருக்கும்? நான் சோதித்தது அந்த ஊர்த் தண்ணீரை அல்ல. தலைவி தாளின் குறுக்கே 'செல்லாது' என்று எழுதினார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறந்துவிட்டேனா? ஆறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் குழாய். மூளை மறந்தாலும் கை மறக்காதே. நாலு மாதம் பூட்டிக் கிடந்தது என்று அந்த அம்மா சொன்னது காதில் விழுந்தது. விழுந்த பிறகுதான் பாட்டிலைத் திறந்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

சொல்லவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அவர் தரையில் உட்கார்ந்து குட்டியின் பொம்மை வண்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார். குட்டி மேற்பார்வை. நான் நின்றபடியே ஒரே மூச்சில் சொன்னேன் — குழாய், கட்டம், செல்லாது, எல்லாம். வேணும்னு பண்ணல, ஆனா வேணும்னுதான் பண்ணிருக்கேன் போல, எனக்கே தெரியலங்க, என்று ஏதோ உளறினேன். அவர் சக்கரத்தை மாட்டி முடித்து, ஒருமுறை உருட்டிப் பார்த்தார்.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லிருக்கலாமே. தண்ணி என்ன பண்ணுச்சு பாவம்."

"சொன்னா நீங்க உடனே வேணாம்னுடுவீங்க."

"இப்ப மட்டும் என்ன சொன்னேனாம்?"

நானும் அவருக்கெதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு மாடியிறங்கி ஓடினேனே," என்றார், "எனக்கும் ஒவ்வொரு படியும் ஞாபகம் இருக்கு. நீ மட்டும்தான் எண்ணிட்டிருக்கேன்னு நினைச்சியா? ஆனா ஒண்ணு. அது ஒரு ஞாயித்துக்கிழமை. அதனால நான் இருந்தேன். மத்த ஆறு நாள்ல வந்திருந்தா நீ தனியாத் தூக்கிட்டு ஓடியிருக்கணும்."

இது நான் போட்ட கோட்டின் இரண்டு பக்கத்திலும் இல்லை. ஒன்பது நிமிடம் என்று எழுதினேன். யாருடைய கால்களுக்கு என்று எழுதவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

அந்த இடத்துக்கு இன்னும் யார் பெயரும் போடவில்லையாம். புதன் மாலை வரை பொறுப்பார்கள். இதை மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். போகலாமா என்று கேட்கவில்லை. கேட்கமாட்டார்.

அதற்குள் தலைவிக்குப் போன் செய்து, வேலையை விட வேண்டிவரும் என்று சொன்னேன். அந்த ஊரில் நம் கிளைக் கூடம் எதுவும் இல்லை என்றார். தெரியும் மேடம் என்றேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வீட்டுக்காரம்மாவுக்கு மதியம் அனுப்பியது. போனில் பேசினால் சுற்றி வளைப்பேன் என்பதால் எழுதியே அனுப்பினேன். அனுப்பியதை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன். அவரிடமும் காட்டிவிட்டேன். இரண்டு தடவை படித்தார்.

"அம்மா, வணக்கம். உங்கள் வீட்டுத் தண்ணீர் கெட்டது என்று நான் சொன்னது தவறு. குழாயை ஓடவிடாமல் பிடித்துவிட்டேன். என் தொழிலில் அது மன்னிக்க முடியாத பிழை. நீங்கள் மன்னித்தால் நல்லது. வீடு இன்னும் காலியாக இருந்தால் எங்களுக்குத் தாருங்கள், இந்த மாதக் கடைசியில் வருகிறோம். அன்றைக்கு ஒன்று கேட்க வந்து கேட்காமல் போய்விட்டேன். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் வலிப்பு வர வாய்ப்பு உண்டு. அகாலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால் உங்கள் தெருவில் யாருடைய கதவைத் தட்டலாம்? நாங்கள் நாளை மாலைக்குள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்."