கதவு நிலையில் ஏறிய வெள்ளம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மற்ற சேதிக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியின் கணக்கில் இப்போது நீ ஒரு வெள்ளம். சாதாரண வெள்ளம் இல்லை. வருஷா வருஷம் ஏறி, கடைசியில் என் தலைக்கு மேலே போய் நின்ற வெள்ளம். அப்படிச் சொல்லிக் கொடுத்தது நான்தான். இந்த வாயை வைத்துக்கொண்டு எப்படித்தான் தையல் கடை நடத்துகிறாயோ என்கிறார் உன் அப்பா.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் திருத்தம் சொல்வார். அதோடு போன தடவை நம் பேச்சு எங்கே போய் முடிந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு இங்கே வாங்க என்றாய். நான் எதையோ சொன்னேன். நீ வைத்துவிட்டாய். கடிதத்தில் அந்த வசதி இல்லை பார், நான் முடிக்கிறவரை நீ வைக்க முடியாது. கொம்பும் காலும் இடம் மாறியிருந்தால் பிரித்துத் தைத்துப் படித்துக்கொள்.

நடந்தது இதுதான். பாலிசியைப் புதுப்பிக்கிற நேரம் வந்ததும் வீட்டைப் பார்க்க ஒரு சர்வேயரை அனுப்பினார்கள். இடுப்பு வலிக்காரர் போலிருக்கிறது, குனியும்போதெல்லாம் என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்தார். போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டார். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, சமையலறையில் இடுப்பு என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நடு அறைக் கதவு நிலையைப் பார்த்துவிட்டு, அந்தக் கோடெல்லாம் என்ன என்று கேட்டார்.

உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு வருஷமும் உன்னை அங்கே நிற்க வைத்து, துணியில் குறிக்கிற சாக்கால் நான் கோடு போடுவேன், உன் அப்பா அதைக் கத்தியால் கீறி வருஷத்தை எழுதுவார். நீ குதிகாலைத் தூக்குவாய், நான் தலையில் தட்டுவேன். எல்லாவற்றுக்கும் மேலே அவர் பெரிய எழுத்தில் வெள்ளம் என்று எழுதி வைத்திருக்கிறாரே, அதுதான் வினை. சின்ன வயதில் நீ அழ ஆரம்பித்தால் வீடு மிதக்கும், அதனால் வந்த பெயர் என்று அந்தச் சர்வேயருக்கு எப்படித் தெரியும்? நானாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, அது எங்க வீட்டு வெள்ளம் சார், வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போச்சு, எவ்வளவு தட்டினாலும் அடங்கல என்று. அவர் மேல் கோட்டைப் பார்த்துவிட்டு, உங்க தலைக்கு மேலயா என்றார். ஆமா சார், தலைக்கு மேல போனதும் நம்ம பேச்சைக் கேக்கறதை நிறுத்திடுச்சு, இப்ப வெளியூர்ல இருக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிலர் உள்ளுக்குள்ளேயே சிரிப்பார்கள், அப்படி ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டேன். டேப் வைத்து மேல் கோட்டை அளந்தார், போட்டோ எடுத்தார். டேப்பை அவர் பிடித்த லட்சணம் பொறுக்காமல் கீழ்முனையை நானே நேராகப் பிடித்துக் கொடுத்தேன். என் கையாலேயே அளந்து கொடுத்தேன் என்பதை உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பிரீமியம் போன வருஷத்தைப் போல இரண்டரை மடங்கு. காரணம், தொடர்ந்து உயரும் வெள்ள மட்டம். உன் அப்பா அதை மூன்று தரம் படித்தார். மூன்றாவது தரம் படிக்கும்போது எனக்கு விஷயம் புரிந்து சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குப் புரிந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவ்வளவு பணம் நம்மால் முடியாது. இந்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் பாலிசி போய்விடும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. ஒரு தரம் விட்டுப்போனால் ஆற்றோர வீடுகளை மறுபடி சேர்ப்பதில்லையாம். போன தடவை தரையைப் போட்டதும், வயரை எல்லாம் மாற்றியதும், என் மெஷினுக்குப் புது மோட்டார் வாங்கியதும் அந்தப் பணத்தில்தான். அது இல்லாமல் இன்னொரு வெள்ளம் வந்தால், வெளியே போகிற நாம் திரும்பி உள்ளே வர வழியில்லை. இதை உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீ அன்றைக்கு அதைத்தான் சொன்னாய், நான்தான் குறுக்கே பேசினேன்.

வெள்ளத் தடுப்புச் சுவர் என்ன ஆயிற்று என்று கேட்பாய். பாலத்திலிருந்து வரிசையாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மார்க்கெட், பெரிய பள்ளிக்கூடம், டாக்டர்கள் குடியிருக்கிற தெரு எல்லாம் தாண்டி, நம் தெருமுனைக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். நம் பக்கம் அடுத்த கட்டமாம். சட்டைக்கு ஒரு கையை மட்டும் வைத்துவிட்டு மற்றது அடுத்த மாதம் என்று நான் சொன்னால் விடுவார்களா? இப்போது அந்தப் பக்கம் ஏற முடியாத தண்ணீரெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, முடிகிற இடத்தில் நம் தெருவுக்குள் திரும்புகிறது. போன மழையில் கண்ணால் பார்த்தேன். வழி கேட்டு வந்த விருந்தாளி மாதிரி நிதானமாகத் திரும்பியது.

தெருக்காரர்கள் சேர்ந்து போய்க் கேட்டோம். கம்பெனியில், சுவர் வந்துட்டா பிரீமியம் தானா குறையும்மா, அதை அவங்ககிட்ட கேளுங்க என்றார்கள். சுவர் ஆபீசில், உங்க தெருவுலதான் நிறைய பேர் இன்சூரன்ஸ் வச்சிருக்கீங்களே, அது இல்லாத தெருவுக்குத்தானே முதல்ல கட்டணும் என்றார்கள். அப்ப இன்சூரன்சை விட்டுட்டா சுவர் வருமா சார் என்று கேட்டேன். அந்த இஞ்சினியர் நல்ல மனிதர், கொஞ்ச நேரம் யோசித்தார். வரும்னு எழுதிக் குடுக்க முடியாதும்மா என்றார். வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கால் வலி ஒன்றும் இல்லை. எழுந்து எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக் கண்டக்டர் அண்ணன் இந்த வருஷம் பிரீமியம் கட்டவில்லை. ஆயுசு பூரா டிக்கெட் எடுக்காதவனை நடுவழியில இறக்கிவிட்டேன் தங்கச்சி, இப்ப நானே டிக்கெட் இல்லாம உக்காந்திருக்கேன், செக்கிங் வராம இருக்கணும் என்கிறார். சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார். மழை தூறினால் மட்டும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அப்போது நான் அவரைக் கிண்டல் செய்வதில்லை.

நம் வீடும் முன்போல் இல்லை. எல்லாம் ஒரு படி மேலே ஏறிவிட்டது. பிளக் பாயின்டுகள் என் தோளுக்கு வந்துவிட்டன. பிரிட்ஜுக்கு அடியில் செங்கல், கட்டிலுக்கு அடியில் செங்கல். கட்டிலில் ஏற எனக்கு ஒரு ஸ்டூல், அந்த ஸ்டூல் நனையாமல் இருக்க அதற்கொரு பலகை. வானம் இருட்டினால் கை தானாக மெஷினைத் தூக்கி மேஜை மேல் வைக்கிறது. போன வாரம் நாலு தரம் தூக்கினேன், மழையே வரவில்லை. ஐந்தாவது தரம் தூக்கவில்லை. வந்தா வரட்டும் போ என்று உட்கார்ந்து ஒரு பேன்ட்டுக்கு ஜிப் மாற்றினேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முன்னெல்லாம் எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

உன் அப்பா வழக்கம்போலத்தான். தண்ணீர் வந்தால் ஊரில் உள்ள மோட்டாரெல்லாம் அவரைக் கூப்பிடும். எல்லார் வீட்டுத் தண்ணீரையும் இறைத்துவிட்டு நம் வீட்டுக்குக் கடைசியில் வருவார், அதற்குள் பம்ப் களைத்துப்போயிருக்கும். இப்போது அவருக்கும் மூச்சு வாங்குகிறது. கேட்டால் டீசல் புகை என்கிறார். மோட்டார் ஓடாத நாளிலும் வாங்குகிறதே என்றால் பம்பைத் துடைக்கப் போய்விடுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனிக்குப் போய் அது வெள்ளம் இல்லை, என் மகள் என்று சொன்னேன். கவுன்டரில் இருந்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு மேலதிகாரியிடம் கூட்டிப் போனாள். அவர், உங்க மகள் உயரம்தான் அதுன்னு என்னம்மா ஆதாரம் என்றார். ஆதாரம் வெளியூர்ல வேலை பாக்குது சார், லீவு கேக்கணும் என்றேன். அவராவது சிரித்தார். வருகிற மாதம் இரண்டாம் புதன்கிழமை அதே சர்வேயரை மறுபடி அனுப்புகிறார்கள். அதுவரை பழைய பாலிசி ஓடும். கோடு உன் உயரத்துக்குச் சரியாக இருந்தால் பழைய பிரீமியத்தையே போடப் பார்ப்பதாகச் சொன்னார்.

அதனால்தான் எழுதுகிறேன். ஒரு நாள் வந்து அந்த நிலையில் சாய்ந்து நில். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைத் தூக்காமல். வேறு எதுவும் நீ செய்ய வேண்டாம். வீட்டை விற்கிற பேச்சை நீ எடுத்தாலும் இந்தத் தடவை குறுக்கே பேச மாட்டேன். உன் அப்பாவிடம் பேசினால் ஒருவேளை கேட்பார். நான் சொன்னால் கேட்காததற்கு நான் சொல்லாததும் ஒரு காரணம்.

இதுவரை காலையில் எழுதினேன். இப்போது சாயங்காலம். நடுவில் ஒன்று நடந்துவிட்டது. நான் கடையில் இருந்தபோது, அந்தக் கோட்டால்தானே இத்தனை வம்பு என்று உன் அப்பா நிலைக்குப் பெயின்ட் அடித்துவிட்டார். முதலில் கோடுகள் எல்லாவற்றையும் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே இரண்டு கோட்டிங். மேலே எழுதியிருந்ததையும்தான். கோடு இருந்தாத்தானே கேள்வி வரும் என்கிறார். போட்டோ அவர்களிடம் இருக்கிறது, கோடு இப்போது நம்மிடம் இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் பிரஷைக் கீழே வைத்தார். நான் திட்டவில்லை. அவரே நிலையைத் தடவப் போய், ஈரம் என்று கையை எடுத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். என்ன என்று கேட்டேன். பெயின்ட் வாடை என்றார்.

ஆனாலும் நீ வா. அளந்த கணக்கு அவர்களிடம் இருக்கிறது, நீ நின்றால் உன்னை அளந்து பார்த்துக்கொள்ளட்டும். புதன்கிழமைக்கு லீவு கிடைக்காவிட்டால் அதற்கு முன்னால் வா. அதற்குப் பின்னால் கிடைத்தால் பின்னால் வா. புதுக்கோடு ஒன்று போட வேண்டும். இனிமேல் நீ வளரப் போவதில்லை, ஒன்று போதும்.

நீ இருக்கிற வீட்டில் கூரை ஒழுகாமல், வாசலில் தண்ணீர் நிற்காமல், உன் தலையணை எப்போதும் காய்ந்தே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் படித்துப் பார்க்கலாம் என்று நிலையில் சாய்ந்து நின்றேன். பெயின்ட் காயவில்லை. நல்ல ரவிக்கை போயிற்று. நிலையில் என் முதுகு பதிந்திருக்கிறது, சர்வேயர் வந்தால் அது எந்த வருஷத்து வெள்ளம் என்று கேட்பார்.